‘உரிய வழியாக’ வேண்டாம்: மேலதிகாரியே பாலியல் தொல்லை கொடுத்தால் அரசு ஊழியப் பெண் புகார் கொடுப்பது எப்படி?

அரசு அலுவலகத்தில் அரை நாள் தற்செயல் விடுப்பு கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. அனுப்புநர், பெறுநர், அதற்குக் கீழே ‘உரிய வழியாக’ என்று மேலதிகாரியின் பதவிப் பெயர். வருடக்கணக்கில் அப்படி எழுதிப் பழகிய எனக்கு, பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் விசாகா கமிட்டியில் உறுப்பினராக உட்கார்ந்த பிறகுதான் அந்த இரண்டு சொல் ஒரு பெண்ணை எப்படி முடக்கிப் போடும் என்று தெரிந்தது.

ஒரு இளநிலை உதவியாளர் வந்தாள். முத்து முத்தான கையெழுத்தில் மனு. ‘உரிய வழியாக’ என்ற இடத்தில், அவளைத் தொல்லை செய்த அதே ஆளின் பதவியை எழுதியிருந்தாள். “ஏம்மா, இது அவர் மேசையைத் தாண்டி எப்படி வரும்?” என்று கேட்டேன். “வேற எப்படிங்க எழுதறது? அப்படித்தான எழுதணும்?” என்றாள்.

எழுத வேண்டியதில்லை. பாலியல் தொல்லைப் புகாருக்கு உரிய வழி கிடையாது, நேர்வழி மட்டும்தான். அந்த நேர்வழியைத்தான் இங்கே முழுதாகச் சொல்லப் போகிறேன். நான் வக்கீல் இல்லை. தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, 2004 பிப்ரவரியில் அது பிரிந்த பிறகு இரண்டு பக்கமும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்தப் பெண் எந்த ஊர், எந்தத் துறை என்பதைச் சொல்லப் போவதில்லை. சட்டமும் அதை அனுமதிக்காது.

முதலில், இது புகார் கொடுக்கும் விஷயம்தானா?

பெரும்பாலான பெண்கள் இந்தக் கேள்வியிலேயே மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். 1997-இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் வகுத்த நெறிமுறைகளும், அதன்மேல் வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் பதிலைத் தெளிவாகச் சொல்லிவிட்டன. தொடுவது, தொட முயல்வது, பாலியல் இணக்கம் கேட்பது, ஆபாசமாகப் பேசுவது, ஆபாசப் படம் காட்டுவது, இவை தவிர நீங்கள் விரும்பாத பாலியல் நோக்கமுள்ள எந்தச் செயலும், பேச்சும், சைகையும் இதில் அடங்கும். கோப்பை நீட்டும்போது விரலைப் பிடிப்பதும், இரவு பதினோரு மணிக்கு ‘தூங்கிட்டியா’ என்று வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருப்பதும் சின்ன விஷயம் இல்லை.

நம் பக்கத்தில் மிரட்டல் பெரும்பாலும் இடமாற்றத்தின் வடிவத்தில்தான் வரும். “அஞ்செட்டி காலியா இருக்கு, போறியா?” என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். தர்மபுரி பக்கம் என்றால் சித்தேரி மலை. இரண்டுமே டவுனுக்குத் தூரமான மலைப்பக்கம். டவுனில் குடியிருந்து, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை வைத்திருக்கும் பெண்ணுக்கு அந்த ஒரு ஊர்ப் பெயர் போதும், அன்று ராத்திரித் தூக்கம் போய்விடும். இணங்கினால் சலுகை, மறுத்தால் பாதகம் என்று வேலையைக் காட்டிப் பேசுவதையும் சட்டம் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறது. அதனால் அந்த ஊர்ப் பெயரையும் புகாரில் எழுத வேண்டும்.

நிரந்தர ஊழியராக இருக்க வேண்டும் என்பதில்லை. அவுட்சோர்சிங் கணினி இயக்குநர், தினக்கூலி தூய்மைப் பணியாளர், தொகுப்பூதியத்தில் இருப்பவர், அங்கன்வாடி உதவியாளர், பயிற்சிக்கு வந்த மாணவி என்று எல்லோருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். அலுவலகக் கட்டடத்துக்குள் நடந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. முகாமுக்குப் போன ஜீப், ஆய்வுக்குப் போன கிராமம், பயிற்சிக்குத் தங்கிய விடுதி எல்லாமே பணியிடம்தான்.

தேதியோடு எழுதி வையுங்கள்

அந்தப் பெண்ணிடம் “ஏதாவது குறித்து வைத்திருக்கிறாயா?” என்று கேட்டபோது, கைப்பையிலிருந்து ஒரு பழைய பழுப்புக் கவரை எடுத்தாள். உள்ளே நாள்காட்டித் தாள்கள். மளிகைக்கடையில் கொடுக்கும் தேதி கிழிக்கும் காலண்டர்தான். முன்பக்கம் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம். பின்பக்கம் பென்சிலில் நாலைந்து வரி. ‘மதியம் 3.10. பதிவறை. ஃபைல் எடுக்கச் சொல்லிப் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார். இடுப்பில் கை வைத்தார். நான் வெளியே வந்தபோது டீ கொண்டு வந்த அண்ணன் எதிரில் வந்தார்.’ பதினாறோ பதினேழோ தாள்கள் இருந்தன. வீட்டில் யாராவது நோட்டைப் பார்த்துவிடுவார்கள் என்ற பயத்தில் இப்படிச் செய்திருக்கிறாள். தேதி தானாகவே அச்சில் இருந்தது. நான் பார்த்த ஆவணங்களில் இதைவிட உறுதியானது இல்லை.

நீங்களும் அதேபோல நடந்த அன்றே எழுதுங்கள். நேரம், இடம், அவர் சொன்ன சொல் அப்படியே, நீங்கள் சொன்ன பதில், அருகில் யார் இருந்தார்கள், பிறகு யாரிடம் சொன்னீர்கள் என்பது வரை. ‘அசிங்கமாகப் பேசினார்’ என்று எழுதாதீர்கள். கூசினாலும் என்ன சொன்னாரோ அதை எழுதுங்கள்.

அப்புறம், அலுவலகமே உங்களுக்காகச் சாட்சி எழுதி வைத்திருக்கும். வருகைப்பதிவேடு, நகர்வுப் பதிவேடு, ஜீப்பின் லாக் புத்தகம், அவருடைய பயண நாட்குறிப்பு எல்லாம் இருக்கின்றன. அந்தப் பெண் குறித்த ஒரு நாளில் தான் வெளியூர் முகாமில் இருந்ததாக எதிராளி சொன்னார். லாக் புத்தகத்தில் அன்று வண்டி அலுவலகத்தை விட்டு நகரவே இல்லை. இந்தப் பதிவேடுகளை நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது. அதுவே உங்கள் மேல் குற்றச்சாட்டாகிவிடும். பெயரையும் தேதியையும் மட்டும் குறித்து, ‘இதை வரவழைத்துப் பார்க்க வேண்டும்’ என்று புகாரில் கேளுங்கள். குழுவுக்கு ஆவணங்களை வரவழைக்கவும் ஆட்களை அழைக்கவும் சிவில் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் உண்டு.

வாட்ஸ்அப் செய்தி வந்தால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அவர் அழிப்பதற்குள். அது மட்டும் போதாது. அந்தச் செய்தி இருக்கும் போனை விற்றுவிடாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். வழக்கு என்று வந்தால் அசல் கருவியைத்தான் கேட்பார்கள்.

மூன்று மாதக் கெடு

சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தொடர்ச்சியாக நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து எண்ணலாம். கெடு தாண்டிவிட்டால், தாமதத்துக்கான காரணத்தைப் பதிவு செய்து குழு மேலும் மூன்று மாதம் வரை ஏற்கலாம். பயம், உடல்நலக் குறைவு, மாற்றல் மிரட்டல், குடும்பச் சூழல் என்று எதுவாக இருந்தாலும் அந்தக் காரணத்தை நீங்களே புகாரில் எழுதிக் கொடுங்கள்.

“மேடம்கிட்ட வாய்மொழியா சொல்லியிருக்கேன், பார்க்கறேன்னு சொன்னாங்க” என்று காத்திருந்து கெடுவைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வாய்மொழிக்குத் தபால் பதிவேட்டில் ஏறும் இன்வர்டு நம்பர் கிடையாது.

யாரிடம் கொடுப்பது?

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு அலுவலகத்திலும் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். விசாகா கமிட்டி என்று பேச்சுவழக்கில் சொல்வது இதைத்தான். மூத்த நிலையிலுள்ள ஒரு பெண் அதிகாரி தலைவர். ஊழியர்களில் குறைந்தது இருவர். வெளியிலிருந்து தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர். மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். குழு அமைத்த ஆணையைக் கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்பதும் சட்டம். ஒட்டியிருக்கிறார்களா என்று நாளைக்கே பாருங்கள். பல இடங்களில் மாற்றலாகிப் போனவர் பெயர்தான் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். குழுவே அமைக்காத அலுவலகத் தலைமைக்கு 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

மூன்று சூழ்நிலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தொல்லை கொடுப்பவர் உங்கள் பிரிவுக் கண்காணிப்பாளரோ இடைநிலை அதிகாரியோ என்றால், அலுவலகத்தின் உள்ளகக் குழுத் தலைவருக்கு நேரடியாகக் கொடுங்கள்.

அவரே அலுவலகத் தலைவர் என்றால், அல்லது உங்கள் அலுவலகத்தில் பத்துப் பேருக்குக் குறைவாகவே இருக்கிறார்கள் என்றால், மாவட்ட அளவில் இயங்கும் உள்ளூர் குழுவுக்குக் கொடுங்கள். கிராம நிர்வாக அலுவலகம், துணை சுகாதார நிலையம், அங்கன்வாடி, ஈராசிரியர் பள்ளி மாதிரி இடங்களுக்கு இதுதான் வழி. ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டால் குழு பற்றிய விவரம் தெரியும். தேன்கனிக்கோட்டையிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ ஒரு நாள் லீவு போட்டு வர முடியாதவர்களுக்காக, ஒவ்வொரு தாலுக்காவிலும் ஒன்றியத்திலும் ஒரு பொறுப்பு அலுவலர் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அவர் புகாரைப் பெற்று ஏழு நாளுக்குள் குழுவுக்கு அனுப்ப வேண்டும்.

மூன்றாவது, அவர் வேறு துறை அதிகாரி. கூட்டு ஆய்வு, தேர்தல் பணி, முகாம் இங்கெல்லாம் இது நடக்கும். ‘அவர் எங்கள் துறை இல்லையே’ என்று உங்கள் குழு கைகழுவ முடியாது. உங்கள் பணியிடத்துக் குழுவே வேறு துறைக்காரர் மேல் விசாரிக்கலாம் என்று 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மத்திய அரசின் ஷீ-பாக்ஸ் இணையதளத்திலும் பதியலாம். ஆனால் அதில் பதிந்தாலும் புகார் கடைசியில் இதே குழுவுக்குத்தான் வரும். அதனால் நான் காகிதத்தையும் சேர்த்தே கொடுக்கச் சொல்வேன்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் மனுவாகக் கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அத்தனை பேர் நடுவில் ரகசியம் போய்விடும். மனு கணினியில் ஏறி ‘உரிய நடவடிக்கைக்காக’ என்று உங்கள் அலுவலகத்துக்கே திரும்பி வர வாய்ப்பும் உண்டு.

புகாரை எழுதுவது

ஆறு பிரதி வேண்டும். அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற வழக்கமான அமைப்பே போதும். ‘உரிய வழியாக’ வரியை மட்டும் விட்டுவிடுங்கள். பொருளில் ‘2013-ஆம் ஆண்டு பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் கீழ் புகார்’ என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் அதைச் சாதாரண ‘ஊழியர்களுக்குள் மனத்தாங்கல்’ கோப்பாக மாற்றிவிடுவார்கள்.

முதல் பத்தியில் நீங்கள் யார், அவர் யார், உங்கள் வேலையில் அவருக்கு என்ன அதிகாரம் என்று சொல்லுங்கள். விடுப்பு அனுமதி, ஊக்க ஊதியம், உங்கள் பணியைப் பற்றிய மந்தண (ரகசிய) அறிக்கை எது அவர் கையில் இருக்கிறதோ அதைக் குறிப்பிடுங்கள். அடுத்து, தேதி வரிசையில் சம்பவங்கள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பத்தி. பிறகு சாட்சிகளின் பெயர், முகவரி. பிறகு ஆவணப் பட்டியல். சாட்சியே இல்லையென்றாலும் தயங்காதீர்கள். கதவைச் சாத்திவிட்டுச் செய்வதற்குச் சாட்சி எங்கிருந்து வரும்? குழு அதையும் தெரிந்துதான் விசாரிக்கும். அவருடைய மற்ற முறைகேடுகளை, பில்லில் காசு அடித்ததை எல்லாம் இதில் கலக்காதீர்கள். கலந்தால் ‘பழிவாங்கும் புகார்’ என்று ஒரே வரியில் திசை திருப்பிவிடுவார்கள்.

நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் தேதியோடு கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். கவரில் ‘மந்தணம்’ என்று எழுதி, குழுத் தலைவரின் பெயரையே போடுங்கள். வெறும் பதவியை எழுதினால் தபால் பிரிவில் பிரித்துவிடுவார்கள். வாங்க மறுத்தால் ஒப்புகை கேட்டு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்; பதிவுத்தபால் 2025-இல் அதோடு இணைந்துவிட்டது.

உடனடி நிவாரணத்தையும் கேளுங்கள்

பாதிப் பேர் மறந்துவிடுவது இதைத்தான். விசாரணை முடியும் வரை உங்களையோ அவரையோ வேறு இடத்துக்கு மாற்றவும், உங்களுக்கு மூன்று மாதம் வரை விடுப்பு தரவும் குழு பரிந்துரைக்கலாம். எழுத்தில் கேட்டால்தான் கிடைக்கும். அந்த விடுப்பு உங்கள் ஈட்டிய விடுப்பில் கழியாது. உங்கள் பணியைப் பற்றி அவர் அறிக்கை எழுதாமல் தடுத்து, அந்தப் பொறுப்பை வேறு அதிகாரிக்குக் கொடுக்கவும் விதி இருக்கிறது.

இதில் ஒரு எச்சரிக்கை. ‘பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுங்கள்’ என்று மட்டும் எழுதினால், உங்களைத் தூக்கி மலைக்குப் போட்டுவிட்டு நிவாரணம் கொடுத்ததாகக் கணக்கு எழுதுவார்கள். ‘எதிர்மனுதாரரை மாற்ற வேண்டும். அது இயலாவிட்டால் மட்டும் என்னை இன்ன இன்ன இடங்களில் ஒன்றுக்கு’ என்று ஊர்ப் பெயரோடு எழுதுங்கள்.

விசாரணை அறையில்

புகாரின் பிரதி ஏழு வேலை நாளுக்குள் எதிராளிக்குப் போகும். அவர் பத்து வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். விசாரணை 90 நாளுக்குள் முடிய வேண்டும். தலைவரையும் சேர்த்துக் குறைந்தது மூன்று பேர் உட்கார வேண்டும். இரண்டு பக்கமும் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது.

ஆனால் விசாரணைக்கு முன்னால்தான் உண்மையான நெருக்கடி வரும். சங்கத்துக்காரர் வருவார், ஒரே ஊர்க்காரர் வருவார், “ரிட்டயர்மென்ட்டுக்கு ஒன்றரை வருஷம்தான் இருக்கு, அவருக்கும் பொண்ணு இருக்கு” என்பார். சில வீடுகளில் கணவரே “விட்டுத்தொலை” என்பார். சமரசம் என்பது நீங்களாகக் கேட்டால் மட்டுமே. குழு அதைத் திணிக்கக் கூடாது; பணம் வாங்கிக்கொண்டு முடிப்பதைச் சட்டமே தடுத்திருக்கிறது. சமரசத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதற்குமேல் விசாரணை நடக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அறையில் “ஏன் அப்பவே சொல்லலை?” என்று கட்டாயம் கேட்பார்கள். நானும் ஆரம்பத்தில் கேட்டிருக்கிறேன், இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது. கோபப்படாமல், நடந்ததைச் சொல்லுங்கள்: யாருக்குப் பயந்தேன், எதற்குப் பயந்தேன். அவர் முன்னால் பேச முடியாவிட்டால், கேள்விகளை எழுத்தில் குழு மூலமாகக் கேட்கச் சொல்லி மனு கொடுங்கள். வாக்குமூலத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்து. நீங்கள் சொன்ன ‘இடுப்பில் கை வைத்தார்’ என்பது தட்டச்சில் ‘தவறான முறையில் நடந்துகொண்டார்’ என்று மாறியிருக்கும், திருத்தச் சொல்லுங்கள்.

நிரூபிக்க முடியாவிட்டால் நம் மேல் நடவடிக்கை வருமே என்ற பயம் வேண்டாம். தெரிந்தே பொய் சொன்னதாக, தீய நோக்கத்தோடு புகார் கொடுத்ததாகத் தனியாக விசாரித்து முடிவு செய்தால்தான் நடவடிக்கை. ஆதாரம் போதவில்லை என்பதும் பொய்ப்புகார் என்பதும் ஒன்றல்ல.

போலீசுக்கும் போகலாம்

குழுவிடம் போனால் போலீசுக்குப் போகக் கூடாது என்பது தவறு. இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யலாம்; போலீசுக்கு அந்த மூன்று மாதக் கெடுவும் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 74 முதல் 79 வரையுள்ள பிரிவுகள் இவற்றுக்கானவை. பாலியல் தொல்லை 75, பின்தொடர்தல் 78. தர்மபுரி, அரூர், கிருஷ்ணகிரி, ஓசூரில் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இருக்கின்றன. உங்கள் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். புகார் வந்ததற்கான வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாமல் எஃப்.ஐ.ஆர். கேளுங்கள், மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் எழுதுங்கள். நீங்கள் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவராக, அவர் அப்படி இல்லாதவராக இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும். சித்தேரி, சிட்லிங்கி பக்கத்து மலையாளிப் பழங்குடிப் பெண்களுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

“அரசு ஊழியர் மேல கேஸ் போட கவர்மெண்ட் அனுமதி வேணும்” என்று ஒரு பேச்சு உண்டு. இந்தக் குற்றங்களுக்கு அந்த முன்அனுமதி தேவையில்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது. பெரிய பதவியில் இருப்பவரை ஒன்றும் செய்ய முடியாது என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு பெண் எஸ்.பி. கொடுத்த புகாரில், சிறப்பு டிஜிபியாக இருந்தவருக்கே 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் மூன்றாண்டு சிறைத்தண்டனை விதித்தது. அதற்கும் முன்னால், நம் அரூர் பக்கத்து வாச்சாத்தியில் 1992-இல் பழங்குடி மக்கள் மேல் நடந்த வன்முறைக்கும் பெண்கள் மேல் நடந்த பாலியல் வன்கொடுமைக்கும் 2011-இல் வனம், காவல், வருவாய்த் துறைகளைச் சேர்ந்த 215 பேர் குற்றவாளிகள் என்று தர்மபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பானது. பத்தொன்பது வருடம் ஆனது என்பதையும் மறைக்கவில்லை.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், அல்லது 15100-க்கு அழைக்கலாம். பேசுவதற்கு ஒரு ஆள் வேண்டுமென்றால் 181.

அறிக்கை வந்த பிறகு

விசாரணை முடிந்த பத்து நாளுக்குள் அறிக்கை போக வேண்டும். உங்களுக்கும் ஒரு பிரதி உண்டு. அறுபது நாளுக்குள் துறை நடவடிக்கை எடுக்க வேண்டும். இங்கேதான் ‘ஒழுங்கு விதி 17(பி)-இன் கீழ் சார்ஜ் மெமோ கொடுத்து மறுபடியும் முதலிலிருந்து விசாரிக்கிறோம்’ என்று இழுப்பார்கள். புகார் குழுவின் அறிக்கையையே ஒழுங்கு நடவடிக்கைக்கான விசாரணை அறிக்கையாகக் கொள்ள வேண்டும் என்று 2012-இல் மேதா கோத்வால் லேலே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சுட்டிக்காட்டி எழுதுங்கள். முடிவு திருப்தி இல்லையென்றால் 90 நாளுக்குள் மேல்முறையீடு. உயர் நீதிமன்றம் வரை போக வேண்டி வந்தால் நம் இரண்டு மாவட்டத்துக்கும் சென்னைதான், மதுரை இல்லை.

இதற்கிடையில் உங்களுக்கு மெமோக்கள் வரத் தொடங்கும். பத்து நிமிடத் தாமதம், தன்னிடம் வரும் தபால்களைக் குறிக்கும் தன்பதிவேடு எழுதவில்லை, மேசையில் நிலுவை. அந்தப் பெண்ணுக்கும் வந்தது, புகார் கொடுத்த ஒன்பதாவது நாள். அழுதுகொண்டே போன் செய்தாள். “அழுதது போதும், பேனாவை எடு” என்றேன். கேட்டதற்கு மட்டும் இரண்டு வரியில் பதில் எழுதச் சொன்னேன். மேலே ‘பார்வை’ என்ற இடத்தில் மெமோவின் எண்ணுக்கு முன்னால், முதல் பார்வையாக, அவள் குழுவுக்குக் கொடுத்த புகாரின் தேதியைப் போடச் சொன்னேன். ‘நகல்: உள்ளகப் புகார் குழுத் தலைவர்’ என்று அடியில் ஒரு வரி. அதற்குப் பிறகு அவளுக்கு மெமோ வரவில்லை.